தொடாமல் விட்ட பனி

பலெர்மோவில், பிரான்காச்சோவில் இருக்கும் நம்முடைய பண்டகசாலை, அதற்குள் நிற்கிற வான் வண்டிகள், முன்னால் தகடு பூட்டிய பனி தள்ளும் லொறி, உப்புத் தூவுகிற யந்திரம், சுவரில் தொங்கும் பனி அள்ளுகிற சவள்கள், அலவாங்குகள், தும்புத்தடிகள், நீங்கள் போட்டிருக்கிற செம்மஞ்சள் மேற்சட்டை. இவ்வளவையும் உண்டாக்கியவன் நான். பேசாலையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இத்தாலிய மொழியைப் பல்லரோச் சந்தையில் மீன் விற்கிறவர்களிடம் பழகியவன். அதனால்தான் இன்றைக்கும் நான் நேரம் கேட்டால்கூடச் சண்டைக்கு வந்தவன் மாதிரி இருக்கும். விசாக் காகிதத்துக்காக க்வெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் கால் கடுக்க நின்றவன், பொலிதேயாமாப் பக்கத்துக் கட்டடங்களில் மாடிப்படி கழுவியவன், பனியை முதல்முறை கண்ணால் கண்டபோது தலையில் நரை விழுந்திருந்தவன். வெயில் ஊரில் பிறந்து, இன்னொரு வெயில் ஊரில் குடியேறி, பனியில் தொழில் கட்டியவன் இந்தத் தீவில் என்னைத் தவிர வேறு யாரும் இருந்தால் கூட்டி வாருங்கள். கோப்பி நான் வாங்கித் தருகிறேன்.

சிரிக்காத ஆளில்லை. கோவில் முற்றத்தில் பூசை முடிந்து நிற்கும்போது ஒருவர் கேட்டார்: "சூசைதாசன், பலெர்மோவில பனி அள்ளுற கொம்பனியோ? அடுத்தது என்ன, பேசாலையில கம்பளிக் கடையோ?" அவருடைய மருமகன் இப்போது நம்முடைய லொறி ஓட்டுகிறான். பெயர் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும்.

நான் ஓய்வு எடுத்துவிட்டேன். நிறுவனத்தை மகள் நடத்துகிறாள். இந்தக் குளிர்காலத்தில் முதல்முறை மதோனியே மலைக்கு ஏறப்போகிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சவளை எப்படிப் பிடிப்பது, உப்பை எப்படித் தூவுவது, முதுகை எப்படிக் காப்பாற்றுவது என்பதையெல்லாம் ஜெறோம் காட்டித் தருவான். கை பழகிவிடும். எதிரில் இருக்கிற ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தும்போது தலை என்ன செய்யவேண்டும் என்பதை ஒருவரும் காட்டித் தரமாட்டார்கள். அதற்குத்தான் நான்.

தொழில் தொடங்கியது மலையில் இல்லை, பொலிதேயாமாவில் ஒரு மொட்டைமாடியில். அப்போது அந்தக் கட்டடத்தில் நான் படி கழுவுகிறவன். ஒரு மத்தியானம் ஆலங்கட்டி மழை. பலெர்மோ ஆலங்கட்டியை நீங்கள் கண்டிருப்பீர்கள், கொட்டினால் யாரோ மேலிருந்து கூடையைக் கவிழ்த்த மாதிரி. மாடியில் கட்டி குவிந்து தண்ணீர் போகிற வாய் அடைத்துவிட்டது. தண்ணீர் தேங்கி, லிப்ட் யந்திரம் இருக்கிற அறையின் கதவை நோக்கி நகர்ந்தது. கட்டடத்தை நிர்வகிக்கிறவர், வாசல் காவலர், மேல்மாடி வக்கீல் எல்லாரும் மழையில் நின்று, "வாயைத் திற, வாயைத் திற" என்று கத்தினார்கள். எல்லாருடைய கையும் அடைபட்ட வாய்க்குள். நான் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன். பார்த்துவிட்டு, குவிந்து கிடந்த ஆலங்கட்டியையே தும்புத்தடியால் தள்ளி அந்தக் கதவுக்கு முன்னால் வரம்பு கட்டினேன். தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு ஆறுதலாக வாயைத் திறந்தோம்.

"ஐஸை எடு எண்டா, நீ ஐஸை வைச்சுக் கட்டுறாய்" என்றார் நிர்வகிக்கிறவர்.

"எடுக்கத்தான் போறன் சிஞ்ஞோர். முதல்ல அது எங்களுக்கு ஒரு வேலை செய்யட்டும்" என்றேன்.

அந்த மனிதருடைய சகோதரிதான் மலையில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பொறுப்பாளர். குளிர்காலத்தில் வாசலைத் துப்புரவாக வைத்திருக்க ஆள் கிடைக்கவில்லை என்று அவர் அழுதுகொண்டிருந்திருக்கிறார். தம்பி என்னைக் காட்டிவிட்டார். இப்படித்தான் நாங்கள் மலை ஏறினோம்.

முதல் குளிர்காலத்தில் எனக்கு ஒரு குரு கிடைத்தாள். மாகாண வீதியில் பனி தள்ளும் லொறி ஓட்டுகிறவள். என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவள். பெயரை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாங்கள் துப்புரவாக்கிய இடத்தைப் பார்த்து நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றபோது, கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொன்னாள்: "வெயிலைப் பாக்காதை. பின்னேரம் நிழல் எங்கை விழும் எண்டு பார்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பகலில் உருகுகிற தண்ணீர் நிழலில் வந்து படுத்தால் உறைந்து கண்ணாடியாகும். அதை அவள் விளக்கவில்லை. எனக்கு விளக்கம் தேவைப்படவுமில்லை. ஒரு தடவை சொன்னால் பிடிக்கிற தலை இது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அந்த இல்லம் வீதிக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. வாசலுக்கு ஒரே வாகனப் பாதை, வடக்குப் பக்கத்தால் வளைந்து ஏறுகிற கற்பாதை. மறுபக்கம், குசினிக்குப் பின்னால், மரக்கறித் தோட்டம். அகலப் படி மாதிரித் தட்டுத் தட்டாக இறங்கி, அதுவும் அதே வீதியில் போய் முடியும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே சிஞ்ஞோரா ரோசாலியா என்று ஒரு அம்மா இருந்தார். சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்கக் கிழமையில் சில நாட்கள் அம்புலன்ஸ் வந்து கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். முந்தைய பயணம் பனியால் நின்றுபோயிருந்தது. கால் வீங்கிவிட்டது, மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு எப்படியாவது வந்தே ஆகவேண்டும் என்று டொக்டர் டெலிபோனில் சொல்லிவிட்டார். பின்னேரம் அம்புலன்ஸ் வரும். அதற்குள் பாதை திறந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தரப்பட்ட வேலை அதுதான்.

நாங்கள் மூன்று பேர். நான், என் ஊர்க்காரன் ஜெறோம், யாழ்ப்பாணத்துக் கணேஸ். ஜெறோமைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். படி கழுவுவதில் பலெர்மோவில் அவனுக்கு மேல் ஆளில்லை. அவன் கழுவிய படியில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் என்பார்கள். பொலிதேயாமாச் சிஞ்ஞோராக்கள் அவனை ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பார்கள், நல்ல இடியப்ப உரலைக் கடன் கொடுக்கிற மாதிரி.

காலையில் அள்ளத் தொடங்கினோம். மத்தியானத்துக்கு முன்பே கற்பாதை கறுப்பாகத் தெரிந்தது. உப்பும் போட்டாயிற்று. கை சும்மா இருக்கப் பொறுக்காத ஜெறோம் கேட்டான்: "அண்ணை, குசினிப் பக்கம் தோட்டத்துக்கு இறங்கிற வழியையும் ஒருக்கா அள்ளி விடட்டோ?"

"தொடாதை" என்றேன்.

இந்தச் சொல்லை மறக்காதீர்கள். உப்பு மிச்சம் பிடிக்கத்தான் அண்ணை அப்படிச் சொன்னவர் என்று ஜெறோம் இன்றைக்கும் சொல்லித் திரிகிறான். திரியட்டும். சொல் யாருடைய வாயிலிருந்து வந்தது? என்னுடைய வாயிலிருந்து.

மலைச்சரிவில் இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு சீஸ் தொழிற்சாலை. அவர்களுடைய முற்றத்தில் பால் லொறி சிக்கிக்கொண்டது என்று டெலிபோன் வந்தது. மிச்ச உப்பை வானில் ஏற்றிக்கொண்டு நான் போனேன். போகும்போது ஜெறோமிடமும் கணேசிடமும் சொன்னேன்: "வேலை முடிஞ்சுது. இருந்து தேத்தண்ணி குடியுங்கோ. அம்புலன்ஸ் வந்து போனபிறகு வாறன்."

முடிந்தது என்றுதான் சொன்னேன். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வேலை எப்போது முடியும்? யோசித்துப் பாருங்கள். வீட்டு முற்றம் கூட்டினால் தண்ணீர் தெளித்தால்தான் முடியும். மீன் வெட்டினால் கல்லைக் கழுவினால்தான் முடியும். இங்கே வந்து படி துடைத்தால், கடைசி வாளித் தண்ணீர் ஊற்றி, அது காய்ந்து மினுங்கினால்தான் வீட்டுச் சிஞ்ஞோரா தலையாட்டுவார். ஈரம் படாத வேலை எங்களுக்கு அரை வேலை. பனி அள்ளிய கற்பாதையில் என்ன இருக்கும்? சேறு, உருகிய அழுக்கு, உப்புக் கறை. ஜெறோம் அதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்திருக்கிறான். தேத்தண்ணி இறங்கவில்லை. வெயில் நன்றாக எறித்தது. குசினியில் வெந்நீர் இருந்தது. சமையற்காரர் நல்ல மனிதர், வாளி வாளியாகக் கொடுத்திருக்கிறார்.

மேலிருந்து கீழ்வரை கழுவிவிட்டான். ஜன்னலில் நின்ற வயதானவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். பொறுப்பாளர் வெளியே வந்து, "எங்கட பாதை இவ்வளவு வடிவா இருந்து நான் கண்டதில்லை" என்று சொல்லியிருக்கிறார். போட்ட உப்பெல்லாம் அந்தத் தண்ணீரோடு வீதிக்கு இறங்கிப் போய்விட்டது.

பிறகு சூரியன் மலைக்குப் பின்னால் போனது. வடக்குப் பக்கம் முழுக்க நிழல் விழுந்தது.

நான் திரும்பி வந்தபோது அம்புலன்ஸ் வீதியில், கல்மதிலில் மூக்கை வைத்தபடி நின்றது. ஏறப் பார்த்து, பாதி வழியில் குறுக்கே வழுக்கித் திரும்பி வந்திருக்கிறது. நல்ல காலம், உள்ளே நோயாளி இல்லை. சாரதி கீழே நின்று சிகரெட் பிடித்தார். பொறுப்பாளர் மேலே வாசலில் டெலிபோனோடு நின்றார். நடுவில் அந்தக் கற்பாதை, குளத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி மினுங்கியது. ஓரத்து வேலியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். மேலே ஜெறோம் கவிழ்த்த வாளியில் குந்தியிருந்தான்.

"என்னடா இது?"

"கழுவினனான் அண்ணை."

"என்னத்தை?"

"பாதையை. சேறாக் கிடந்தது. வாற சனம் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

கணேஸ் பக்கத்தில் நின்று மெல்லச் சொன்னான்: "வாசத்துக்கு எலுமிச்சை மருந்தும் விட்டவர் அண்ணை."

குனிந்து மணந்து பார்த்தேன். உண்மைதான். எலுமிச்சை வாசத்தில் ஐஸ்.

இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்கப்போகிறீர்கள், பிள்ளைகளே. இதே பாதை இல்லாவிட்டாலும் இதே மாதிரி ஒரு இடத்தில். எல்லாரும் ஒவ்வொரு யோசனையோடு உங்களை நோக்கி வருவார்கள். ஒவ்வொன்றும் நல்ல யோசனை மாதிரித்தான் இருக்கும்.

பொறுப்பாளர் சொன்னார்: "இன்னும் கொதிதண்ணி இருக்கு. ஊத்தினா உருகும்தானே?"

சாரதி கீழேயிருந்து கத்தினார்: "சங்கிலி பூட்டிப்போட்டு ஒருக்கா இழுத்துப் பாக்கிறன்!"

ஜெறோம் எழும்பி அலவாங்கைத் தூக்கினான். "நான் கொத்தி எடுக்கிறன் அண்ணை. என்ட பிழை. நானே கொத்துறன்."

"பிழையைப் பிறகு கொத்துவம்" என்றேன். "இரு."

கொதிதண்ணி வேண்டாம் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன்; ஊற்றுகிறது உருகும், உருகினது பத்தடி தள்ளிப் போய்ப் படுக்கும். வண்டி ஏற வேண்டாம் என்று சாரதிக்குக் கைகாட்டினேன். ஏறினாலும் நோயாளியோடு இறங்க வேண்டுமே. ஜெறோம் கொத்தி முடிக்க இருட்டிவிடும். மிச்ச உப்பு, நான் கொண்டுபோய்க் கொட்டின சீஸ் தொழிற்சாலை முற்றத்தில் கிடந்தது. எல்லாருக்கும் வேண்டாம் சொல்லிவிட்டேன். இப்போது எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வேண்டாம் சொல்வது இலேசு. அதற்குப் பிறகு எல்லாரும் பார்க்கிற அந்தப் பார்வைதான் பாரம்.

நான் அவசரப்படவில்லை. உள்ளே மூச்சு வாங்குகிற ஒரு அம்மா இருக்கும்போது அவசரப்படாமல் நிற்பது இலேசான காரியம் என்று நினைக்காதீர்கள். அங்கே நின்ற எல்லாரும் பாதையையே பார்த்தார்கள், பொலிதேயாமா மாடியில் எல்லாரும் அடைபட்ட வாயையே பார்த்த மாதிரி. நான் எனக்குள் கேட்டேன்: எங்களுக்கு இந்தப் பாதை வேண்டுமா, அல்லது சிஞ்ஞோரா கீழே வரவேண்டுமா?

அப்போது சமையற்காரருடைய நாய் குரைத்தது. அம்புலன்ஸுக்குப் பக்கத்தில், கீழே வீதியில் நின்று குரைத்தது. கொஞ்சம் முன்னர்தான் அது குசினி வாசலில் படுத்திருந்ததைக் கண்டேன். இந்தக் கண்ணாடியில் நாய் இறங்கியிருக்க முடியாது. வீட்டைச் சுற்றிக் குசினிப் பக்கம் போனேன். தோட்டத்துப் பனியில் அதன் கால் தடம், ஒவ்வொன்றும் கிண்ணம் மாதிரி ஆழமாக, வீதிவரை இறங்கிப் போயிருந்தது. ஒரு இடத்திலும் வழுக்கின கோடு இல்லை.

காலையில் நான் தொடாதே என்று சொன்ன பனி. ஒருவரும் அள்ளாத, ஒருவரும் கழுவாத பனி. முழங்காலுக்குக் கீழே ஆழம். குதியை ஊன்றினால் பிடித்தது. நானே முதலில் வீதிவரை இறங்கி, திரும்பி ஏறி வந்தேன். மற்றவனை இறக்கிப் பார்க்கிற ஆள் நான் இல்லை.

"தோட்டத்தால கொண்டுபோவம். கதிரையில வைச்சுக் காவிக்கொண்டு" என்றேன்.

அம்புலன்ஸில் நோயாளியைத் தூக்குகிற கதிரை ஒன்று இருக்கும், நான்கு பக்கம் பிடியோடு. சாரதி அதைத் தோட்டத்தால் மேலே கொண்டுவந்தார், ஆனால் முகத்தில் சம்மதம் இல்லை. "இவ என்ட பொறுப்பு. காய்கறிப் பாத்தியால மனுசரைக் காவ ஏலாது. விழுந்தா ஆர் பதில் சொல்லுறது?"

அவர் சொன்னது நியாயம். நியாயமான ஆளோடு சத்தம் போடக்கூடாது. "இப்ப இதால ஏறி வந்தது நீங்கள்தானே" என்றேன். "வழுக்கினதோ?"

அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். பொறுப்பாளர் டெலிபோனைச் சட்டைப்பைக்குள் போட்டார். "நான் முன்னுக்கு நடக்கிறன். எனக்கு வழுக்கினா நீங்கள் வரவேண்டாம்" என்றார். அந்த அம்மாவுக்கு அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்றைக்கும் தொப்பி கழற்றுவேன்.

இவ்வளவு நேரமும் ஒருவரும் கேட்காத ஆள் ஒருவர் இருந்தார். நான் உள்ளே போனேன். சிஞ்ஞோரா ரோசாலியா போர்வைக்குள் இருந்தார், முகம் ஊதி, கண் மட்டும் கூராக.

"நீ ஆர்?"

"பனி அள்ளுறவன், சிஞ்ஞோரா."

"அப்ப ஏன் அள்ளாமல் இஞ்சை நிக்கிறாய்?"

விஷயத்தைச் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன்: பாதை ஐஸ், தோட்டம் பனி, நாலு பேர் தோளில் தூக்குவோம், பயமாக இருந்தால் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம்.

"தோளிலையோ? நான் இன்னும் சாகேல்லை."

"செத்தவையை மட்டுமில்லை சிஞ்ஞோரா. எங்கட ஊரில மாதாவையும் தோளிலதான் கொண்டுபோறனாங்கள்."

கொஞ்சம் மூச்சு எடுத்தார். பிறகு கேட்டார்: "அப்ப என்ட கிரீடம் எங்கை?"

ஜெறோம் தன் தலையிலிருந்த செம்மஞ்சள் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவருக்குப் போட்டான். சம்மதம் கிடைத்துவிட்டது.

முதலில் நாங்கள் மூவரும் பக்கம் பக்கமாக நின்று மிதித்து மிதித்துத் தடம் போட்டோம். தட்டுக்குத் தட்டு இறங்குகிற கல் விளிம்புகளில் குசினி அடுப்புச் சாம்பலைத் தூவினோம். பிறகு கதிரையைத் தூக்கினோம். இறக்கத்தில் முன்னுக்குப் போகிறவன் உயர்த்திப் பிடித்தால்தான் கதிரை மட்டமாக நிற்கும். அதனால் நெடுவலான ஜெறோமும் சாரதியும் முன்னுக்கு, பிடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு. நானும் கணேசும் பின்னுக்கு. குரல் கொடுக்கிறவன் நான்.

கணேஸ் வாயை மூடுகிற ஆளில்லை. "எங்கட சனம் வருசா வருசம் பலெர்மோப் புனிதை சாந்தா ரோசாலியாவைக் கும்பிட மலை ஏறுது. இண்டைக்கு ரோசாலியா மலையால இறங்கிறா" என்றான். பிறகு ஜெறோமைப் பார்த்து: "கவனம் ஜெறோம், இது உங்கட மெழுகுதிரிப் பவனி இல்லை. சாமி காவின தோள் பின்னுக்கு நிக்குது, பயப்பிடாதை."

"நீங்கள் சாமியை ஆட்டி ஆட்டியெல்லோ கொண்டுபோறனீங்கள்" என்றான் ஜெறோம்.

"இண்டைக்கு ஆட்டம் வேண்டாம்" என்றேன். "காலைப் பாக்காதையுங்கோ. முன்னுக்கு நிக்கிறவன்ட தோளைப் பாருங்கோ. நான் சொல்லேக்க ஒரு அடி."

இந்த மூன்று வசனமும் நான் மலையில் கண்டுபிடித்தவை இல்லை. மாதா சுரூபம் சுமந்தவனுக்குத் தெரியும். சுமக்கிறவன் தன் காலைப் பார்த்தால் குனிவான், குனிந்தால் மாதா சரிவார். சாரதிக்கு இது தெரியாது என்று நினைத்தேன். ஆனால் அவரும் பலெர்மோவில் தன் வட்டாரத்துப் புனிதரைச் சுமந்திருக்கிறாராம். இரண்டாவது அடியிலேயே அவருடைய கால் எங்கள் காலோடு சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பொறுப்பைப் பற்றிப் பேசவில்லை.

மேல் தட்டுகள் சுகமாக முடிந்தன. கடைசித் தட்டில், முட்டைக்கோவாப் பாத்தி என்று நினைக்கிறேன், சாரதியின் பக்கத்துப் பனி உடைந்து அவர் தொடைவரை புதைந்தார். கதிரை ஒரு பக்கம் சரிந்தது. முன்னால் நடந்த பொறுப்பாளர் திரும்பிப் பார்த்துக் கையை வாயில் வைத்தார். ஜெறோம் தன் பக்கத்தை இன்னும் உயர்த்தப் பார்த்தான். கை நல்லது செய்யத் துடிக்கும், அவனுடைய கை எப்போதும் அப்படித்தான்.

"உயத்தாதை!" என்றேன். "ஒருத்தன் தாழ்ந்தா எல்லாரும் தாழுங்கோ!"

நால்வரும் ஒன்றாக முழங்காலில் இறங்கினோம். கதிரை மட்டமாகப் பனியில் உட்கார்ந்தது. நாலு பேரும் முழங்காலில், நடுவில் செம்மஞ்சள் தொப்பியோடு அந்த அம்மா.

"இப்ப என்ன," என்றார் சிஞ்ஞோரா ரோசாலியா, "செபமோ?"

சாரதிதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே காலை உருவினார். என் குரலுக்கு நால்வரும் ஒன்றாக எழும்பினோம். அடுத்த சில அடிகளில் வீதி. அம்புலன்ஸ் கதவு மூடி, வண்டி வளைவில் மறைந்தது. அன்றைக்குப் போனபடியால்தான் அவர் பிழைத்தார் என்று டொக்டர் பிறகு பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த பனிக்கும் அவர் அங்கே இருந்தார். ஜெறோமைக் கண்டால் ஜன்னலைத் திறந்து, "வாளியை ஒளிச்சு வையுங்கோ!" என்று கத்துவார்.

திரும்பி வரும்போது வானில் ஜெறோம் தொப்பியில்லாத தலையைத் தடவிக்கொண்டு இருந்தான். நெடுஞ்சாலைக்கு வந்தபிறகு கேட்டான்: "அண்ணை, என்னை வேலையால நிப்பாட்டுவியளோ?"

"உன்னை அனுப்பினா அடுத்து வாறவன் கழுவுவான். நீ இனிக் கழுவமாட்டாய். நான் ஏன் அனுப்பிறன்?"

பிள்ளைகளே, உங்களுக்குக் கீழே ஆட்கள் வரும்போது இதை நினையுங்கள். சோம்பேறி விடுகிற பிழை வேறு. நல்ல கை விடுகிற பிழை வேறு. நல்ல கைக்கு எங்கே நிற்பது என்று ஒரு தடவை தெரிந்தால் போதும். இன்றைக்கு உங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிறவன் அதே ஜெறோம். தண்ணீர் வாளியை மலைக்கு ஏற்ற விடமாட்டான், குடிக்கிற போத்தலைக்கூடச் சந்தேகமாகப் பார்ப்பான்.

அடுத்த தடவையிலிருந்து ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். எந்த இடத்துக்குப் போனாலும், முதல் சவள் பனியில் இறங்குமுன், நின்று சுற்றிப் பார்ப்பது. பின்னேரம் நிழல் எங்கே விழும் என்று பார்ப்பது. பிறகு வாசலிலிருந்து வீதிவரை ஒரு துண்டுப் பனியைத் தேர்ந்து, கயிறு கட்டி, ஒருவரும் தொடாமல் விடுவது. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். "அள்ளத்தானே கூப்பிட்டது, இதை ஏன் மிச்சம் விட்டனீங்கள்?" என்றார்கள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கலியாணச் சாப்பாட்டில் எங்கள் ஆட்களே, "சூசைதாசன் பனியை அடுத்த வருசத்துக்கு விதைக்கு விடுறார்" என்று மேசை தட்டிச் சிரித்தார்கள். நான் கணவாய்ப் பொரியலைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். அந்தக் கயிறு கட்டிய பனியால் பிறகு எத்தனையோ பேர் இறங்கியிருக்கிறார்கள்; ஒரு பிரசவக்காரி, ஒரு பாதிரியார், ஒரு தடவை நானே.

இப்போது போன கிழமைக்கு வருகிறேன். பண்டகசாலையில் உங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஆலோசகர், நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை, திரையில் ஒரு படம் காட்டினார். வாசலிலிருந்து வீதிவரை கயிறு கட்டிய பனி. அதற்கு 'கொரிதோயோ பியாங்கோ' என்று பெயராம், வெள்ளைப் பாதையாம். எங்கும் இப்போது இதுதான் நல்ல வழக்கமாம். நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். உங்களில் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, இது யாருடைய யோசனை என்று கேட்டாள். நல்ல கேள்வி. "அனுபவத்திலிருந்து வந்தது" என்றார் அவர்.

நான் பின்னால் உப்பு மூட்டையில் இருந்தேன். எழும்பப் போனேன். மகள் என் கையைப் பிடித்து அமுக்கினாள். "அப்பா, லாஷா பெர்தெரே. விடுங்கோ" என்றாள்.

அங்கே விட்டேன். இங்கே விடமாட்டேன்.

அனுபவத்திலிருந்து வந்தது என்றால், யாருடைய அனுபவம்? அனுபவத்துக்குக் காலும் கையும் உண்டு, ஊரும் பெயரும் உண்டு. அன்றைக்கு முன்னால் நடந்தவர் பொறுப்பாளர், அதை எழுதிவிட்டேன். தோள் கொடுத்தவர்கள் ஜெறோம், கணேஸ், அந்தச் சாரதி, அதையும் எழுதிவிட்டேன். நிழலைப் பார்க்கச் சொன்னவள் ஒரு லொறிக்காரி. நாய்க்குக்கூட அதன் பங்கைக் கொடுத்துவிட்டேன். ஒருவருடைய பங்கையும் நான் எடுக்கவில்லை. இனி என்னுடையதைத் தாருங்கள். இந்தக் குளிர்காலத்திலிருந்து அந்தக் கயிற்றில் ஒரு பலகை தொங்க வேண்டும், தமிழிலும் இத்தாலியனிலும்: 'சூசைதாசன் பாதை.' உப்பு மிச்சம் பிடிக்கத்தான் விட்டது என்று ஜெறோம் அடம்பிடித்தால், அதையும் கீழே சின்ன எழுத்தில் போடுங்கள், எனக்கு வருத்தமில்லை. பெயர் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கதிரையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்குகிறவன் குனியாமலே வாசிக்கிற அளவுக்குப் பெரிதாக.